தேதி போட்ட படம்

இல்ல மேடம், அது விக்கிறதுக்கு இல்ல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்தா விக்கிறதுக்குன்னுதான் அர்த்தம், நீங்க கேக்குறது நியாயம். மத்ததுக்கெல்லாம் வெல எழுதி ஒட்டியிருக்கேன், அதுக்கு மட்டும் ஒட்டல பாருங்க. அது என்னுது. கடைக்கு வர பத்து பேர்ல எட்டு பேரு அதத்தான் கைய காட்டுறாங்க. சின்னதா, கறுப்பா, ஜோபில போட்டா வெளிய தெரியாது, ஆச வரத்தான் செய்யும். நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இத இழுத்துக்கோங்க.

டீ குடிப்பீங்க இல்ல? பாஞ்சாலி, மேடத்துக்கு ஒரு டீ குடுத்துட்டு கெளம்பும்மா. எனக்கும் ஒண்ணு. நம்ம கடைய கூட்டி மொழுகுறது, டீ வெக்கிறது எல்லாம் அதுதான். பக்கத்துல ஜெராக்ஸ் கடை, மெடிக்கல் ஷாப், அங்கயும் பாக்குது. இன்னைக்கு வியாழக்கிழம, குழந்தை ஏசு கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போகும். அர மணி நேரத்துல வந்து டம்ளர எடுத்துக்கும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லயே? நல்லது. மழ வேற தூறுது, இப்ப வெளிய போனா ஆட்டோக்காரன் வாய்க்கு வந்தத கேப்பான்.

சொல்லுங்க. தெனம் எடுக்கணும், தொழிலுக்கு இல்ல, சும்னே ஒரு ஆசைக்கு. சரி. ஐடி கம்பெனியா? நெனச்சேன். சொந்த ஊரு? ஆத்தூரா. அதான் பேச்சுல சேலம் தெரியுது. நாங்க இங்கயே பொறந்து இங்கயே வளந்தவங்க. எங்க தமிழ்ல கன்னடமும் இருக்கும், உருதுவும் இருக்கும், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. கையில வெச்சிருக்கீங்களே, அந்த போனே நல்லா எடுக்கும். அப்புறம் கேமரா எதுக்கு? ... ஆமா. ஆமா ஆமா. கரண்டு பில்லுக்கும் ஆபீஸ் பேப்பருக்கும் நடுவுல எடுத்த படமெல்லாம் காணாம போயிடுது. இதுக்குன்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் நின்னு பாக்கத் தோணும்ங்கிறீங்க. நல்ல பதில் மேடம். நெறைய பேரு வீடியோ பாத்துட்டு வந்து நம்பர் ஒப்பிப்பாங்க. இத்தன மெகாபிக்சல் வேணும், அத்தன வேணும்னு. ஏம்ப்பா, வீட்டு சொவுரு அளவுக்கு பிரிண்ட் போடப் போறியான்னு கேப்பேன். முழிப்பாங்க.

இது வேணாம், வெச்சிடுங்க. தூக்கிப் பாருங்க, வேணும்னா. கை வலிக்குதா? கல்யாணத்துக்கு எடுக்குறவனுக்குத்தான் அது. நீங்க வாங்குனா மொத மாசம் லால்பாக், ரெண்டாவது மாசம் நந்தி பெட்டா மல, மூணாவது மாசம் பீரோ. பீரோவுக்குள்ள தூங்குறதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பொட்டி?

இதப் பாருங்க. நடுத்தரமானது. செகண்ட் ஹேண்டுதான், ஆனா ஜாஸ்தி ஓடல. வண்டிக்கு கிலோமீட்டர் பாக்குற மாதிரி இதுக்கு எத்தன தடவ தட்டியிருக்காங்கன்னு பாக்கணும். எட்டாயிரம்தான் ஆயிருக்கு, ஒண்ணுமே இல்ல. ஒரே லென்சு, ஜூம் கெடையாது. ஏன்னு கேக்குறீங்களா? ஜூம் இருந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே எடுத்துடலாம். இதுல அது நடக்காது, கிட்ட போகணும். கிட்ட போனா, எடுக்கட்டுமான்னு கேட்டே ஆகணும். கேட்டா அவங்க வேணாம்னு சொல்லலாம். அதுக்கு ஒரு வழி இருக்கணும் இல்ல?

அப்புறம் இங்க கண்ண வெச்சிப் பாருங்க. கண்ணுக்கு நேரா தூக்குனாத்தான் தெரியும். நீங்க தூக்குறது எதுர இருக்குறவங்களுக்கும் தெரியும். இப்ப அழுத்துங்க. கேட்டுச்சா, டக்குன்னு? அந்த சத்தம் நல்லது. சைலன்ட்ல போடலாம், மெனுவுல இருக்கு, ஆனா போடாதீங்க. நான் வேற ஒண்ணு ஆஃப் பண்ணித் தரேன். தேதி. போட்டோ ஓரத்துல ஆரஞ்சுல தேதி வருமே, அது. இனிமே இதுல வராது, ஆனா உங்க போன்லயும் அத ஆஃப் பண்ணி வெச்சிக்கோங்க. எப்ப எடுத்தோம்ங்கிறது நமக்குத் தெரிஞ்சாப் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்ல.

டீ எப்படி இருக்கு? ஏலக்கா தட்டிப் போட்டிருக்கும். நல்லாருக்கு இல்ல?

சரி, நீங்க சிரிக்கிறீங்க. கேமரா வாங்க வந்தா இந்தாளு என்ன போலீஸ்காரன் மாதிரி பேசுறான்னு. இல்ல, நெனச்சிருப்பீங்க, பரவால்ல. எங்க வீட்டம்மா ஷோபாவும் இதத்தான் சொல்லுது. நீ கேமரா விக்கிறியா, வேணாம்னு பிரச்சாரம் பண்றியான்னு.

அந்த சின்னது எப்படின்னு கேட்டீங்க இல்ல? அதோட கத இதுதான்.

நான் இந்த எடத்துல முப்பத்தோரு வருஷமா ஸ்டூடியோ வெச்சிருக்கேன். பாஸ்போர்ட் சைஸ், காது குத்து, ஞானஸ்நானம், மஞ்ச நீரு, எல்லாம் எடுத்தாச்சு. முப்பத்தோரு வருஷமும் ஒரே வார்த்த. கொஞ்சம் சிரிங்க. நான் சொன்ன ஒடனே ஜனங்க மூஞ்சி செத்துடும் மேடம். வெளிய நின்னு கெக்கெக்கேன்னு பேசிட்டு இருந்தவங்க உள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தா போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்த மாதிரி ஆயிடுவாங்க. நெசமான சிரிப்ப நான் தொழில்ல பாத்ததே இல்ல. அதுல ஒரு பேஜாரு இருந்துச்சு எனக்கு. ஒருத்தன் முப்பது வருஷம் சமையல்காரனா இருந்து பசியோட சாப்புடுறவன ஒரு நாளும் பாக்கலன்னா எப்படி இருக்கும்.

அப்பதான் யாரோ ஒருத்தர் இந்த சின்னத விக்க வந்தாரு. நானே வெச்சிக்கிட்டேன். பின்னாடி ஸ்கிரீன மேல தூக்கி விட்டா, வயித்துகிட்ட வெச்சிக்கிட்டே எடுக்கலாம். குனிஞ்சி போன் பாக்குற மாதிரி இருக்கும். சத்தம் சுத்தமா கெடையாது. வியாழக்கிழம சாயந்திரமானா கடைய அர மணி நேரம் சாத்திட்டு கோயில் வாசல்ல போயி நிப்பேன். நீங்க பாத்திருக்கீங்களா அந்தக் கூட்டத்த? கிறிஸ்தவங்க, ஹிந்து, முஸ்லிம் எல்லாருந்தான் வருவாங்க. ஒம்பது வியாழன் வரேன்னு வேண்டிக்கிட்டு வருவாங்க. ஒரு வாரம் தப்புனா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்னு ஒரு நம்பிக்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல அந்த மூஞ்சிங்க இருக்கே, அடடா. யாருக்கும் தெரியாம எடுத்தேன். தெரிஞ்சா செத்துடுமே அந்த மூஞ்சி. எடுத்தத இன்ஸ்டால ஒரு பக்கம் தொறந்து போட்டேன். பேரு கீரு ஒண்ணும் போடல. நான் யாருன்னும் தெரியாது. விவேக் நகர் வியாழன், அவ்ளோதான். ஜனங்க லைக் போட்டாங்க, எனக்கு ஒரே குஷி. அம்பத்தெட்டு வயசுல போன பாத்துப் பாத்து நான் சிரிச்சிட்டு இருந்தேன்.

போன ஜூன்ல ஒரு வியாழன், ஒரு பொம்பள. நாப்பது வயசு இருக்கும். தலையில நெறைய மல்லிப்பூ. ஒரு கையில எரியுற மெழுகுவத்தி, இன்னொரு கையில காதுல போன். போன்ல யாரோ என்னமோ சொல்றாங்க, அது சிரிக்குது. மேடம், நான் எப்படிச் சொல்லுவேன். பல்லு, கண்ணு, கழுத்து எல்லாம் சிரிக்குது. மெழுகு கையில ஒழுகுறது கூடத் தெரியல. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். அன்னைக்கு ராத்திரியே போட்டுட்டேன். எங்கெங்கயோ சுத்துச்சு. பெங்களூர் சந்தோஷமா இருக்குதுன்னு யாரோ எழுதி அனுப்புனாங்க. நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான், இன்னைக்கு வரைக்கும்.

ஓரத்துல தேதி. பழைய ஸ்டூடியோக்காரன் பழக்கம். எங்க காலத்துல பிரிண்டுல தேதி இல்லன்னா கஸ்டமர் சண்ட போடுவாங்க, கொழந்தைக்கு அன்னைக்கு எத்தன மாசம்னு எப்படித் தெரியும்னு. அதனால எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் மொத வேலையா தேதிய ஆன் பண்ணுவேன். வேற தப்பு ஒண்ணும் பண்ணல நான். அதாவது, அப்படித்தான் ரொம்ப நாளு சொல்லிக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சி அந்தப் பொம்பள இதே கடைக்கு வந்துச்சு. ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சில குடுக்க பாஸ்போர்ட் சைஸ் வேணும்னு. நேர்ல பாத்தப்ப எனக்குத் தெரியல. பூ இல்ல, மொகம் வாடிப் போயிருந்துச்சு. அங்க, அந்தத் திரைக்கு முன்னாடி உக்கார வெச்சி கேமரால கண்ண வெச்சேன் பாருங்க, அப்பத் தெரிஞ்சிடுச்சு. எனக்கு ஒரு மூஞ்சி ஞாபகம் வரணும்னா கேமரா கண்ணாடி வழியா பாக்கணும். வாய் பழக்கத்துல, கொஞ்சம் சிரிம்மான்னு சொல்லிட்டேன்.

சிரிச்சதாலதான் வேல போச்சுண்ணா அப்படின்னுச்சு.

ஒரு அபார்ட்மென்ட்ல நாலு வீட்டுல வேல பாத்துட்டு இருந்திருக்கு. ஒம்பதாவது வியாழன் அன்னைக்கு, ஒரு வீட்டுக்காரம்மா கிட்ட லீவு கேட்டிருக்கு. ஏற்கனவே எட்டு வியாழன் சீக்கிரம் போயிட்ட, இன்னைக்கு விருந்தாளி வராங்க, முடியாதுன்னுட்டாங்க. ஒம்பதாவது வாரம் எப்படி விடும்? மாமனார் செத்துட்டாருன்னு சொல்லிட்டு கெளம்பியிருக்கு. மாமனாரு நெசமாவே செத்துப் போயி நாலு வருஷம். நானும் இதத்தான் கேட்டேன். அதுக்கு அது சொல்லிச்சு, உசுரோட இருக்குறவங்கள சொன்னா வாய் முகூர்த்தம் பலிச்சிடும்ணா, செத்தவர இன்னொரு தடவ சாகடிச்சா யாருக்கு நஷ்டம்னு. சிரிப்பு வருது இல்ல? எனக்கு அன்னைக்கு வரல.

அந்த வீட்டுக்காரம்மாவும் கெட்டவங்க இல்ல. மாமனார் ஊரு வேலூருக்குப் போக பஸ்ஸுக்கு வெச்சிக்கோன்னு காசு குடுத்து, காரியம் முடிச்சிட்டு மெதுவா வான்னு அனுப்பியிருக்காங்க. மறுநாள் அவங்க போன்ல படம் வருது. தல நெறைய பூ, வாய் நெறைய சிரிப்பு, ஓரத்துல தேதி. தேதி இல்லன்னா போன வாரம் எடுத்ததுன்னு சொல்லியிருக்கும், போன வருஷம்னு சொல்லியிருக்கும். அத சொல்ல வழியில்லாம நான் ஆரஞ்சு கலர்ல எழுதி வெச்சிட்டேன். அவங்க மனசு நொந்து அபார்ட்மென்ட் குரூப்ல போட்டுட்டாங்க. அன்னைக்கே நாலு வீடும் போச்சு. கேட்டுல நம்பர் தட்டினா செவப்பு வந்து, உள்ள விடலயாம். உங்க அபார்ட்மென்ட்லயும் இருக்குமே அந்த கேட் ஆப்பு? ஆமா, எல்லா எடத்துலயும் இருக்கு, ஒரு எடத்துல மோசம்னு குறிச்சா மத்த எடத்துலயும் தெரியும். அதனால வேற அபார்ட்மென்ட்லயும் சேக்கல.

அப்படி என்னத்துக்குச் சிரிச்சேன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல. பொண்ணுக்கு நர்சிங் சீட்டுக்காகத்தான் அந்த ஒம்பது வியாழனும். கையில மெழுகுவத்தி ஏத்திட்டு நிக்கிறப்ப பொண்ணு தாரணி போன் பண்ணியிருக்கு. அம்மா, சீட்டு வந்துடுச்சு. அந்த செகண்டுலதான் நான் தட்டியிருக்கேன். வேல போனதும் சேத்து வெச்சதெல்லாம் வாடகைக்கே சரியாப் போச்சு, ஃபீஸ் கட்டுற நாளு தாண்டிடுச்சு. அந்தப் பொண்ணு இப்ப பீன்யால ஒரு ஃபேக்டரில பேக்கிங் பண்ணுது. வீடு இருக்குற ஈஜிபுரால இருந்து ரெண்டு பஸ் மாறிப் போகுது, விடிகாலைல. இந்த ஜூன்ல மறுபடி அப்ளை பண்ணப் போறாங்க.

பாஸ்போர்ட் படத்த எடுத்துக் குடுத்தேன், காசு வேணாம்னேன். வீட்டுக்குப் போயி அந்த இன்ஸ்டா பக்கத்த மொத்தமா அழிச்சேன். மூணு நாளு சோறு எறங்கல. ஷோபா கிட்ட கூட சொல்லல, வாய்வுன்னேன்.

இல்ல, திட்டல. அதுதான் பெரிய கஷ்டமே. அந்தப் படம் புடிச்சவன் கை வெளங்காமப் போகட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். படம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணான்னுச்சு. நான் அவ்ளோ சிரிச்சி நானே பாத்ததில்லன்னுச்சு. எங்க கல்யாண போட்டோல கூட மொறச்சிட்டு நிப்பேன், அத ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கலாம்னு தேடுனேன், இப்ப எங்கயும் காணல, நீங்க போட்டோ தொழில்ல இருக்குறவரு, யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொல்றீங்களான்னு என்னயே கேக்குது. விசாரிக்கிறேன்மான்னு சொன்னேன். பாருங்க. கண்ணப் பாத்து சொன்னேன்.

இருக்கு, இருக்கு. கார்டு அந்தக் கேமராவுக்குள்ளயேதான் இருக்கு. அதனாலதான் விக்கல. கண்ணாடிக்குள்ள ஏன் வெச்சிருக்கேன்னா, உள்ள டிராயர்ல போட்டா மறந்துடுவேன். நான் நல்லவன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடும். கல்லாவுல உக்காந்தா நேரா தெரியிற மாதிரி வெச்சிருக்கேன்.

பிரிண்ட்டும் போட்டேன், பெருசா. மொதல்ல தேதிய வெட்டிட்டுப் போட்டேன். போட்டுப் பாத்தா திருடன் கைரேகைய தொடச்ச மாதிரி இருந்துச்சு. தேதி இல்லாம அது வெறும் சிரிப்பு. பொண்ணுக்கு சீட்டு கெடச்ச நாளு அது, அவங்களுக்கு அந்தத் தேதி வேணும். மறுபடி தேதியோட போட்டு, ஃபிரேம் பண்ணி, இதோ, இந்தக் கல்லாவுக்குக் கீழ பேப்பர் சுத்தி வெச்சிருக்கேன். எட்டு மாசமாச்சு.

ஏன் குடுக்கலன்னு கேக்குறீங்களா? குடுத்தா இது உங்க கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேக்கும் இல்ல? கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா இங்க வராது. இங்கயும் வேல போயிடும், என்னால ரெண்டாவது தடவ. அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். அதுவும் பொய்தான் மேடம். எனக்கு பயம். என்ன அது நல்லவன்னு நெனச்சிட்டு இருக்கு, அது போயிடுமேன்னு பயம். கூடப் பொறந்த அண்ணன் கூட என்ன இப்படிப் பாத்ததில்ல, அந்த குழந்தை ஏசுதான் இவர காட்டி விட்டாருன்னு போற வரவங்க கிட்ட எல்லாம் சொல்லுது.

ஆமா. அதேதான். டீ நல்லாருக்குன்னு சொன்னீங்களே, அது போட்டதுதான். அப்புறம் நான்தான் கூப்புட்டு இங்க வேல குடுத்தேன், பக்கத்து ரெண்டு கடையிலயும் சொல்லி விட்டேன்.

இன்னைக்கு அதுக்கு மறுபடியும் ஒம்பதாவது வியாழன். காலைல கூட்டிட்டே கேக்குது, எத்திராஜண்ணா, அந்தப் படம் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதான்னு. இன்னைக்கு சாயந்திரம் சொல்றேன்மான்னு வாய் விட்டுட்டேன். மத்தியானத்துல இருந்து கடைக்கு யாராச்சும் வரமாட்டாங்களான்னு பாத்துட்டு இருந்தேன். நீங்க வந்தீங்க. கேமராவ அப்பவே எடுத்துக் குடுத்து பில்லு போட்டு அனுப்பியிருக்கலாம், பத்து நிமிஷ வேல. நான்தான் இழுத்துப் புடிச்சி வெச்சேன். தனியா இருந்தா, கெடைக்கலம்மான்னு சொல்லிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். கதையெல்லாம் கேட்ட ஒரு ஆளு எதுர உக்காந்திருந்தா பேச்ச மாத்த முடியாது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்னே உக்காந்தாப் போதும்.

அதோ, மழைல முந்தானைய தலைல போட்டுட்டு வருது பாருங்க. எழுந்துக்காதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். டம்ளரு அங்கயே இருக்கட்டும்.

வாம்மா பாஞ்சாலி. டம்ளர அப்புறம் எடுத்துக்கலாம், மொதல்ல தலயத் தொடச்சிட்டு இப்படி வந்து உக்காரு. நீ தேடுன படம் எங்கிட்டதான் இருக்கு.